பெயர் நீங்கிய பிறகு

அக்டோபர், இரவு இரண்டு மணி. ஆன்சன் ரோடு, பதினேழாம் மாடி.
ஆறிப்போன கோப்பி-ஓ.
கீழே பிரானியில் பாரந்தூக்கிகள் மஞ்சள் விளக்கில்
பெட்டி பெட்டியாய் எண்ணிக்கொண்டிருக்கின்றன.
என் திரையில் வட பசிபிக்.

கேப்டன் மக்பந்தாயின் செய்தி:
"பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிட்டார்கள்.
புயல் முடிந்தது. நேர்வழியில் போகலாமா?"

ஒரு வாரமாய் அதற்கு ஒரு பூவின் பெயர்.
பிலிப்பீன்ஸுக்குக் கிழக்கே பிறந்தபோது
இருபத்தொன்பது டிகிரித் தண்ணீர்தான் அதற்குச் சோறு.
ஆவி ஏறியது, மேலே மழையானது,
மழையாகும்போது விட்ட சூட்டில்
நெஞ்சு கனன்று சுழன்றது.
எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே உருவம்,
நடுவில் மட்டும் துளை. கண் என்கிறோம்.
கண்ணுக்குள் காற்று அடங்கியிருக்கும்,
கண்ணின் கரையில்தான் கொலை.
நிலத்தில் ஏறியிருந்தால் பசித்துச் செத்திருக்கும்.
ஏறவில்லை. வடக்கே வளைந்தது.

முப்பத்தெட்டாம் பாகையில் கடல் குளிர்ந்தது.
அங்கே அது இறந்தது என்பது கேப்டனின் கணக்கு.
ஆனால் அங்கே வெகுகாலமாய் ஒரு வழக்கு நடக்கிறது,
வாடைக்கும் தென்றலுக்கும் எல்லைத் தகராறு.
வேலி ஒருநாளும் நட்ட இடத்தில் நின்றதில்லை.
பசியோடு வந்தது அந்த வேலியில் சாய்ந்தது.

இப்போது அதன் சாப்பாடு வேறு.
சூடு அல்ல,
சூட்டுக்கும் குளிருக்கும் நடுவிலுள்ள வித்தியாசம்.
நெஞ்சு குளிர்ந்துவிட்டது, கண் தூர்ந்துவிட்டது,
வட்டம் கலைந்து வால் முளைத்து
மேகம் ஒரு காற்புள்ளியாய்க் கிடக்கிறது.
(கால் என்றாலும் காற்றுதானே நமக்கு.)
கேப்டன் அதை முற்றுப்புள்ளி என்று படித்திருக்கிறார்.

உச்ச வேகம் குறைந்தது, உண்மை.
ஆனால் இருநூறு கிலோமீட்டருக்குள் அடித்தது
இன்று ஆயிரத்தைத் தாண்டி அடிக்கிறது.
பன்னிரண்டு மீட்டர் அலை.
குளிர்காலம் முழுக்க இப்படி ஒன்றன்பின் ஒன்றாய் வரும்,
தரையிலும் சாகாது,
அந்தக் கடலில் யாரும் அவற்றுக்குப் பெயர் வைப்பதில்லை.

"காற்றே தெரியாத ஊரில் உட்கார்ந்து
காற்றை விற்கிறோம்" என்பான் பக்கத்து மேசை ஸுல்கிஃப்லி.
சரிதான். ஒன்றரைப் பாகையில்
காற்றைத் திருகப் பூமிக்குக் கை வராது.
இரண்டாயிரத்து ஒன்று டிசம்பரில் ஒன்றே ஒன்று
இந்தப் பக்கம் உருவாகி ஜொகூரில் ஏறியது.
அதை விட்டால் சுமத்ரா மட்டும்.
விடியுமுன் மேற்கிலிருந்து வரும்,
ஒரு மணி நேரம் ஊரை உலுக்கும்,
ஏழு மணிக்கு ஒன்றும் நடக்காத முகத்தோடு போய்விடும்.

நான் எழுதுகிறேன்:
"தெற்கே இறங்குங்கள். முப்பத்து நாலுக்குக் கீழே.
முப்பது மணி நேரம் தாமதமாகும்.
எண்ணெய்க் கணக்கை நான் பேசிக்கொள்கிறேன்."

பதில் உடனே வந்தது: "பெயரில்லாததற்கா இவ்வளவு?"

சென்ற மாதம்தான் வீவக படிவத்தில்
வீட்டுக்காரர் பட்டியலிலிருந்து ஒரு பெயரை நீக்கினேன்.
அதிகாரி முத்திரை குத்திவிட்டு
"அவ்வளவுதான், திருமதி கோமளவல்லி" என்றார்.
திருமதி என்றதைத் திருத்தவில்லை.
அவரிடமும் ஒரு வரைபடத்தை விரித்திருக்கலாம்.

கேப்டனுக்கு அதையெல்லாம் சொல்ல முடியுமா.
"பெயர் எங்கள் வசதிக்கு. அலை உங்களுக்கு" என்று அனுப்பினேன்.
நாற்பது நிமிடம் பதிலில்லை.
பிறகு திரையில் அந்தச் சிறிய அம்பு
மெல்ல, மனமில்லாமல்,
தெற்கே திரும்பியது.

நாலு நாற்பது. ஜன்னல் கண்ணாடியில் முதல் அறை.
ராடாரில் மலாக்கா நீரிணை நெடுக ஒரு சிவப்புக் கோடு.
பசிபிக்கைப் பார்த்துக்கொண்டிருந்ததில்
இதைக் கவனிக்கவில்லை.

தெம்பனீஸில், ஒன்பதாம் மாடிக் கழியில்,
நேற்றுக் காயப்போட்ட துணி.
உள்ளே இழுத்துப் போட
வீட்டில் யாருமில்லை.